சுடாத நெருப்பும் இருபத்துமூன்று செருப்பும்

காலை எட்டேமுக்கால்; உள்ளே பன்னிரண்டு பேர், வாசலில் இருபத்துமூன்று செருப்பு; கணக்கில் வராத இருபத்துநான்காவது, மேனாம்பேடு ஏழுமலையுடையது. கால் வைத்தியம் பார்க்கும் இடத்தில் ஆளை எண்ணுவதைவிடச் செருப்பை எண்ணுவது உபயோகம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அம்பத்தூரில் ஒரு சின்னக் கால் சிகிச்சை நிலையத்தில் பதினான்கு வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். குதிகால் வலியோடு இதைப் படிக்கிறவர்கள் காலை நீட்டி உட்காரலாம். இங்கே எல்லாரும் உங்கள் கட்சிதான்.

வழியில் இறங்கிப் போனது

ஏழுமலை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது, பன்னிரண்டு வருடச் சர்க்கரை. வாசலில் ஒரு செருப்பு தனியாகக் கிடந்ததைப் பார்த்து, யாருடையது என்று உள்ளே வந்து கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. ஏழுமலையின் முறை வந்தபோது, அவருடைய வலது பாதத்தில் மட்டும் தெருப்புழுதி அப்பியிருந்தது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார். காலுக்கு அது தெரியவில்லை. பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் போட்டுக்கினுதான் நைனா ஊட்டாண்டேருந்து கெளம்பினேன். அதுவா எங்கியோ எறங்கிப் போய்கீது."

அடுப்படி வரைக்கும்

முகப்பேரிலிருந்து வசந்தி என்று ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் சுரீரென்று குத்தும்; பத்து அடி நடந்தால் குறையும். உங்களில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கதையாக இருக்கும். உள்ளங்காலில் ஓடும் நார்ப்பட்டை நோகிறது என்று எங்கள் டாக்டரம்மா விளக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தால் உருட்டுவது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. முதல் இரண்டுக்கும் தலையாட்டிய வசந்தி, மூன்றாவதற்கு, "மாமியார் இருக்காங்க டாக்டர்" என்றார்.

ஆறு வாரம் கழித்து அந்த மாமியாரே கூட வந்தார். அடுப்படிக்குள் செருப்பு வந்த பஞ்சாயத்துதான் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை நீட்டினார். "இவ மட்டும் நல்லா நடக்குறா. எனக்கும் ஒரு ஜோடி எழுதிக் குடுங்க. சாமி ரூம் வாசல்ல கழட்டிக்கிறேன்."

நூல்

ஏழுமலைக்கு வருகிறேன். சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் நூல் இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி, பத்து இடத்தில் நூல் முனையை வைத்து அழுத்துவார்கள். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். டாக்டரம்மா இரண்டு பாதத்தையும் முடித்துவிட்டு நூலைக் கீழே வைத்தார். கண்ணை மூடியபடியே ஏழுமலை, "ஆரம்பிங்கம்மா" என்றார்.

வலது கட்டைவிரலுக்கு அடியில் காய்த்துப்போன தோலைச் சீவியபோது உள்ளே புண் இருந்தது. சுத்தம் செய்தோம். புண்ணின் மேல் பாரம் இறங்காமல் சுற்றிலும் திண்டு வைத்துக் கட்டினேன். மெத்தென்ற செருப்புக்கு அளவெடுத்தோம். அது வரும் வரைக்கும், அவர் வேலைக்குப் போடும், கழன்று போகாத கம்பெனி ஷூ. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: கவனிக்காவிட்டால் முதலில் விரல் போகும், அப்புறம் பாதம். வருடந்தோறும் ஆடியில் அம்மன் கோயிலில் தீ மிதிப்பாராம்; அதுவும் கூடவே கூடாது என்றார். விரல் போகும் என்றபோது அசையாதவர், இதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பத்தொம்போது வருசமா எறங்குறேம்மா. மொதல்லல்லாம் சுடும். ரெண்டு வருசமா பூ மேல நடக்குற மாதிரி கீது. ஆத்தா அவ்ளோ எறங்கி வந்துகீறா, நான் இருபதாவது வருசம் நிறுத்துவனா?"

புது பிளேடு

குமணன்சாவடியில் பூ விற்கும் ஓர் அம்மாள், கால் ஆணியைத் தானே அறுத்துக்கொண்டு வந்தார். கால் ஆணி என்பது செருப்பு அழுத்தும் இடத்தில் தோல் கெட்டிப்படுவது. அழுத்தம் போகாமல் ஆணி போகாது. டாக்டரம்மா அதைப் பக்குவமாகச் சீவி, செருப்பை மாற்றச் சொன்னார். வீட்டில் பிளேடு எடுக்கக் கூடாது என்று நான் கொஞ்சம் கண்டித்துச் சொன்னேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் அவர் அனுப்பும் இரண்டு முழம் மல்லி எங்களுக்கு வருகிறது. அன்று மட்டும் கோபித்துக்கொண்டார். "புது பிளேடுதான்யா. பழசுல பூநாருதான் அறுப்பேன்."

என் விரல்

இரண்டு வாரமாகியும் ஏழுமலையின் புண் ஆறவில்லை. சர்க்கரையைச் சந்தேகப்பட்டோம், மருந்தைச் சந்தேகப்பட்டோம். அவரையே சந்தேகப்பட்டு நான் இரண்டு வார்த்தை அதிகமாகவும் பேசினேன். மூன்றாவது முறை அவர் வந்திருந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நனைந்த ஷூக்களை உள்ளே எடுத்து வைக்க விரலை விட்டுத் தூக்கினேன். சுருக்கென்றது, ரத்தம். வலது ஷூவின் உள்ளட்டையில், கட்டைவிரல் அழுந்தும் இடத்தில், லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள் ஒன்று முனையை நீட்டிக்கொண்டு செருகியிருந்தது.

எங்கள் தவறுதான். மரியாதைக்காக அவர் வெளியே விட்ட ஷூவை, நாங்களும் மரியாதையாக வெளியிலேயே விட்டிருந்தோம். என் விரலுக்கு ஒரு நொடியில் தெரிந்தது, அவர் காலுக்கு இரண்டு வாரமாகத் தெரியவில்லை. வலிக்கிற விரலுக்கு அன்று நன்றி சொன்னேன். ஏழுமலை அந்தச் சுருளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "நெருப்பு சுடலன்னா ஆத்தா. இது குத்தலன்னா யாரு?"

ஷேர் ஆட்டோ

அன்றே வாசலில் 'செருப்போடு உள்ளே வரவும்' என்று பலகை மாட்டினோம். பாதிப் பேர் அந்தப் பலகைக்குக் கீழேதான் இன்னும் கழற்றுகிறார்கள். ஏழுமலை கழற்றவில்லை. ஆறு வாரத்தில் புண் மூடியது. விரல் பத்தும் இருக்கின்றன.

ஆனி கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏழுமலையோடு ஆறு பேர் இறங்கினார்கள். எல்லாரும் தீ மிதிக்கப் பெயர் கொடுத்தவர்கள். ஒருவர், "இன்னா மாமே, ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்ட" என்று முனகினார். ஏழுமலை அவரை முதல் ஆளாக உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். "எவனுக்கெல்லாம் சுடலையோ அவனையெல்லாம் இட்டாந்துகீறேன். நூல எடுங்கம்மா."

ஆடி மூன்றாம் ஞாயிறு தீமிதி நடந்தது: பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்தொன்று, இறங்கியவர்கள் முப்பத்தேழு, கயிற்றுக்கு வெளியே, இந்த வருடம் பெயரே கொடுக்காத ஏழுமலையையும் சேர்த்து ஐந்து பேர், பத்துச் செருப்பு.