நைனா தோண்டாத நான்கடி

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். மூத்த மகன் நான்தான் பேசவில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அதை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். படிக்கும் உங்களில் பலருக்கும் அதில் பங்கு இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அதற்காக நைனாவைக் கேலி செய்தவர்கள்.

நைனா பிறந்தது எர்ணாவூரில். தாத்தா உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர். அவர் சீக்கிரமே காலமாகிவிட்டதால் நைனா பன்னிரண்டு வயதிலேயே உப்பு வாரப் போனார். பிறகு திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அம்மாவைத் தண்டையார்பேட்டையிலிருந்து திருமணம் செய்துகொண்டு வந்தார். அக்கா, நான், தம்பி என்று மூன்று பிள்ளைகள்.

ரயில் தண்டவாளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே முப்பத்தைந்து சென்ட் மணல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நைனா கீரை போட்டார். காலை ஷிப்ட் என்றால் மாலையில் தோட்டம், மாலை ஷிப்ட் என்றால் காலையில் தோட்டம். முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, வரப்போரம் புளிச்சக்கீரை. அம்மாவும் அக்காவும் கட்டு கட்டித் தேரடித் தெருவில் விற்றுவிட்டு வருவார்கள். காற்று மாறி அடிக்கும் நாட்களில் இலையெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். அப்படியே விற்கக் கூடாது என்று நைனா சொல்லிவிட்டார். ஒவ்வொரு கட்டையும் அலசிய பிறகுதான் கூடையில் வைப்போம்.

எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பாத்தி கொடுத்திருந்தார். அக்கா பாத்தி எப்போதும் பாய் விரித்த மாதிரி இருக்கும். கீரை விதை கடுகைவிடச் சிறியது. மணலோடு கலந்து தூவினால்தான் சமமாக விழும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, விதையை மட்டும் அள்ளி வீசிவிடுவேன். முளைத்த பிறகு நைனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார்.

“இன்னாடா இது, ஒரு பக்கம் கொத்து, ஒரு பக்கம் சொட்டை! உன் மாமன் தலை மாரியே கீது!”

பக்கத்தில் நிற்கும் அம்மா, “எங்க அண்ணன இழுக்காம உனுக்குத் தூக்கம் வராதே” என்பார். நைனாவின் திட்டு எப்போதும் இப்படி வேறு எங்காவது போய்ச் சிரிப்பில் முடியும். எங்கள் மேல் அவர் கை வைத்ததே இல்லை.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நிலத்தில் கிணறு கிடையாது, துரவுதான். துரவு என்றால் மணலில் அகலமாக, ஆழம் இல்லாமல் தோண்டிய பள்ளம். சரிவில் இறங்கி இரண்டு பூவாளிகளில் தண்ணீர் மொண்டு, தோளுக்கு ஒன்றாகத் தூக்கி வந்து பாத்திக்கு ஊற்ற வேண்டும். கடல் பக்கத்து மணலில் மழைத்தண்ணீர் மேலே நிற்கும், அதற்குக் கீழே உப்புத்தண்ணீர் இருக்கும். மேலாக மொண்டுகொண்டால் வருடம் முழுக்க நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆழமாகப் போனால் உப்பு ஏறிவிடும். அதனால் நைனா தினமும் காலையில் துரவில் இறங்கியதும் முதலில் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் நிறுத்தி, துப்பிவிட்டு, பிறகுதான் பூவாளியைத் தொடுவார். சின்ன வயதில் அது ஏதோ சாமி கும்பிடுகிற முறை என்று நினைத்திருந்தேன்.

நைனா வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டதும் தோட்டம் ஒன்றுதான் குடும்பத்தைத் தாங்கியது. முழு நாளும் தண்ணீர் சுமந்து அவருக்கு இரண்டு தோளும் காய்த்துப்போயின. இரவில் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அப்போது கன்டெய்னர் யார்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தம்பி காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்ப்பான். அவன்தான் ஒரு பழைய டீசல் இன்ஜினையும் பம்பையும் கொண்டுவந்தான்.

நைனா ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னேரிப் பக்கம் மூன்று நாள் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து அவரை அசத்திவிட வேண்டும் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். துரவில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது, பம்பு குழாய்க்கு அது பற்றாது. அதனால் நடுவில் நான்கடி தோண்டி இரண்டு சிமென்ட் உறை இறக்கினோம். தோண்டலாம் என்று சொன்னது தம்பி இல்லை, நான். அவன், “நைனாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்ணா” என்றான். “கேட்டா வாணாம்னுவாரு. நீ கம்முனு தோண்டு” என்று அவனை அடக்கினேன்.

நைனா வந்த அன்று தெருவே தோட்டத்தில் கூடியிருந்தது. அம்மா இன்ஜினுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றினார்.

“நைனா, இனிமே பூவாளியத் தூக்கிக் கடாசு. கயித்த இழு, தண்ணி கொட்டும் பாரு” என்றான் தம்பி.

நைனா நேராக இன்ஜினுக்கு வரவில்லை. துரவில் இறங்கி வழக்கம்போல ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். மேலே நின்ற எங்கள் இருவரையும் அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா நைனா, எப்டி கீது?” என்று கேட்டேன்.

“ம்... கயித்தக் குடு” என்று வாங்கி இழுத்தார். தண்ணீர் பாய்ந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, “ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல ஓட்டாதீங்கடா” என்று மட்டும் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அவர் இல்லாத சமயம் பார்த்து இரண்டு மணி நேரம்கூட ஓட்டினோம்.

இரண்டு வாரத்தில் இலைகளின் ஓரம் கருகியது. பாத்தி மணலில் வெள்ளையாக உப்புப் பூத்தது. என் வாயில் தண்ணீரை வைத்துப் பார்த்தேன், கரித்தது. நைனா முதல் நாளே அறிந்திருந்தார் என்பதை அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னார். “அப்பவே லேசா கரிக்குதுன்னாரு. ஊரு சனம் முன்னாடி உங்க ரெண்டு பேரு மூஞ்சப் பாத்தாராம், சொல்ல வாய் வரலையாம்.”

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். மீஞ்சூர் பக்கத்துக் குடும்பம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். பெண்ணின் அப்பா, இன்றைய என் மாமனார், ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பையன் எங்கே வேலை பார்த்தாலும் மண்ணும் தண்ணியும் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்காகவே எங்கள் வீட்டுக்கு வந்தவர், காப்பி குடித்ததும், “தோட்டத்தப் பாத்துட்டு வரலாமா?” என்று எழுந்துவிட்டார்.

தோட்டம் இருந்த நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. மாமா பாத்திகளைப் பார்த்தார். துரவில் இறங்கி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உறையைப் பார்த்தார். மேலே வந்து வேட்டியை உதறிவிட்டுக் கேட்டார்.

“கடலப் பக்கத்துல வெச்சிக்கினு நாலடி எறக்கியிருக்கீங்களே, யாருங்க இந்த வேலய செஞ்சது?”

நான் முருங்கை மரத்தை ஒட்டி நின்றிருந்தேன். என் பெயரைச் சொன்னால் இந்தக் கல்யாணம் அங்கேயே முடிந்தது என்று எனக்குத் தெரியும். தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தாங்க” என்றார் நைனா. “தோள் வலி தாங்கல. ஆசப்பட்டுத் தோண்டிட்டேன். பையன் வாணாம் நைனான்னு தலப்பாடா அட்ச்சிக்கினான். நான்தான் கேக்கல.”

“பையன் வேணாம்னு சொன்னானா?”

“சொன்னான்.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப பையனுக்கு வெவரம் கீது. உங்களுக்குத்தான் இல்ல.”

என் கல்யாணம் நிச்சயமானது இப்படித்தான்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் நடந்த எந்த விசேஷத்திலும் நைனா தப்பியதில்லை. “சம்மந்தி, பாயசத்துல உப்பு பாத்துட்டீங்களா?” என்று மாமா தொடங்குவார். “மாமா தோண்டாதவரைக்கும் பாயசம் இனிக்கும்” என்று அக்காவின் வீட்டுக்காரர் நைனாவைக் காட்டி முடிப்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். எல்லோரையும்விட நைனாதான் சத்தமாகச் சிரிப்பார். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

துரவைச் சரி செய்ததும் நைனாதான். உறைகளை எடுக்க வைத்தார். நாங்கள் தோண்டிப் போட்ட மணலையே கூடை கூடையாக உள்ளே கொட்டி மூடினோம். “இனிமே மழதான் கழுவணும். அது வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்றார். மூன்று மழைக்காலம் காத்திருந்தோம். அந்த மூன்று வருடமும், அறுபது வயதைத் தாண்டிய நைனா, யானைக்கவுனியில் ஒரு கிடங்கில் காவலாளியாக வேலை செய்தார். பஸ்ஸைப் பிடிக்கும் முன் தினமும் துரவில் இறங்கி ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துத் துப்பிவிட்டுப் போவார். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை.

மூன்றாவது மழை முடிந்து ஒரு தை மாதக் காலையில், “டேய், இங்க வா. நீ பாரு” என்று கூப்பிட்டார். நான் அள்ளி வாயில் வைத்தேன்.

“நல்லா கீது நைனா.”

“துப்பாத, முழுங்கு” என்றார். விழுங்கினேன். “இனிமே தெனமும் நீதான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். அன்று மாலையே பூவாளிகளைத் தேய்த்துக் கழுவினார். அந்தத் தோட்டம் எங்களுக்குத் திரும்பவும் சோறு போட்டது.

கடைசிப் பத்து வருடம் நைனாவால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் எங்கள் பிள்ளைகளும் அவரைச் சுற்றி உட்கார்ந்து கீரை ஆய்வோம். சொட்டை விழுந்த பாத்தி, சாம்பல் அலசிய தண்ணீரில் அக்கா வழுக்கி விழுந்தது என்று பழைய கதைகள் வரும். என் மகள் துரவுக் கதையைக் கேட்டால், “தாத்தா புத்தி கெட்டுப்போய்த் தோண்டிட்டேன்” என்று ஆரம்பிப்பார். சொல்லிக்கொண்டே என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்துகொண்டிருப்பேன்.

ஒரு நாள் தனியாக இருந்தபோது கேட்டுவிட்டேன். “நைனா, அத்த நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“இன்னாத்துக்கு? என்ன வெச்சி நாலு பேரு சிரிக்கிறாங்கோ, சிரிச்சிட்டுப் போட்டும். உம் பொண்டாட்டி முன்னாடி, உம் மாமனாரு முன்னாடி நீ ஏன் தலை குனியணும்? நான் இருக்கற வரைக்கும் வாணாம். அப்பறம் உன் இஷ்டம்.”

கடைசி நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் காலையில் துரவுத் தண்ணீரை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுபோவேன். நாக்கை நனைத்துப் பார்ப்பார். “ம்” என்பார். அது போதும் அவருக்கு. உயிர் போன அன்று காலையிலும் அந்த “ம்” கிடைத்தது.

நைனாவின் கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், அவரைத் தூக்கி உட்கார வைக்க நேரம் பாராமல் ஓடி வந்த தெருப் பிள்ளைகளுக்கும், துரவு கெட்டுப்போன வருடங்களிலும் நிலத்தைத் திருப்பிக் கேட்காத நிலத்துக்காரர் குடும்பத்துக்கும், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அக்காவுக்கும், உண்மை தெரிந்தும் இத்தனை வருடம் வாய் திறக்காத தம்பிக்கும் எங்கள் நன்றி. இதில் எழுத்துப் பிழை திருத்தியது என் மகள். படித்ததும் எழுந்துபோய் அவள் அம்மாவிடம் காட்டினாள். என் மனைவி படித்துவிட்டு, “இருவது வருசமா என்னப் பெத்தவர் வாயால அவர ஓட்ட வுட்டியே” என்று மட்டும் சொன்னாள். பிறகு நைனாவின் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாமா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். அந்த நான்கடியைத் தோண்டியது உங்கள் சம்மந்தி இல்லை, நான். வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. அவரைச் செய்த கேலி எல்லாம் எனக்குச் சேர வேண்டியது. திதி அன்று வரும்போது தோட்டத்துக்கு வாருங்கள். பந்தியில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேளுங்கள், இந்த முறை நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன் துரவில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வையுங்கள்.

துப்ப வேண்டாம் மாமா, விழுங்குங்கள்.