ஆண்டுக்கு ஒரு சாண்

நான் திருடன் என்பது எனக்கே எட்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு சாம்பல் புதன்கிழமை, பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் போனேன். வேலிக்கு அப்பால், லாலாங் புல்லுக்கு நடுவே, சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்த மூன்று கம்புகள் நின்றன. ஒரு கூலிக்காரர் நான்காவதை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே நடக்குது?" என்று கேட்டேன்.

"பெரிய பாரிட் வெட்டப் போறாங்க. இந்தக் கம்பு நடு மட்டுந்தான், எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தாலும் ஒடச்சிருவாங்க. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்றார். சாக்கடை வெட்டுவது அவருக்குக் கூலி. நான் திரும்பி எங்கள் அடுப்படியைப் பார்த்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு டத்தோ கிராமட் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னால் ஒரு தோட்டம். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு துண்டுப் புல்காடு. அது யாருடையது என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஆடு மேயும், பாம்பு குடியிருக்கும், அக்கம்பக்கத்தார் குப்பை கொட்டுவார்கள்.

பினாங்கு மழையில் வேலிக் கம்பு ஒரு வருடத்துக்குமேல் தாங்காது. உளுத்த கம்பைப் பிடுங்கிய குழி தொளதொளவென்று இருக்கும், அதில் புதுக் கம்பு நிற்காது. பக்கத்தில் ஒரு சாண் தள்ளித்தான் குழி தோண்ட வேண்டும். எந்தப் பக்கம் தள்ளுவது? உள்பக்கம் மனைவியின் கத்தரிச் செடி இருக்கிறது. அதனால் வெளிப்பக்கம். இப்படி வருடத்துக்கு ஒரு சாணாக, எட்டு வருடம், என் வேலி தானாக நடந்ததுபோலவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் வேலியை மறுபடி உள்ளே போட்டு ஒன்றும் அறியாதவனாக நின்றிருப்பேன். ஆனால் போன வருடம் வலதுபக்க மூலையில், வேலி விட்டுக்கொடுத்த இடத்தில், ஒரு அடுப்படி கட்டினேன். அதுவரை என் மனைவி ஒரு சாய்ப்புக்கடியில், மழைத்தண்ணீர் சோற்றுப்பானைக்குள் சொட்டச் சொட்ட, ஏழு வருடம் சமைத்தவள். தகரக் கூரை போட்டு, மண் அடுப்பு வைத்துக்கொடுத்த பிறகுதான் என்னை ஒரு புருஷனாகவே மதிக்கத் தொடங்கினாள். இப்போது அந்த அடுப்படியைக் கூலிக்காரர்கள் வந்து கடப்பாரையால் இடிக்கப்போகிறார்கள். ஒருவேளை இடிக்காமலும் போகலாம். கோடு எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாதே!

அவளிடம் சொல்லவில்லை. அவள் அடுப்படியில் பாட்டுப் பாடிக்கொண்டே மீன் பொரிக்கும்போது நான் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னங்க, ஒழுகுதா?" என்பாள். "இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்பேன். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பின்கதவைச் சாத்துவேன். போலீஸ்காரர் முன்கதவு வழியாகத்தான் வருவார் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் சுவாமியார் பிரான்சுக்காரர். புத்தகத் தமிழ் பேசுவார். வழக்கமான பொய், கோபம், பூசையில் தூங்கியது எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"வேறு என்ன?" என்றார் கிராதிக்குப் பின்னாலிருந்து.

"வேலி, சுவாமி."

"வேலியா?"

சொன்னேன். "யாருடைய நிலம்?" என்று கேட்டார்.

"யாருடையதும் இல்லை, சுவாமி."

"யாருடையதும் இல்லாததை நீர் எப்படித் திருடினீர்?"

"அதுதான் சுவாமி பயமாயிருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமென்றாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை."

கிராதிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "எத்தனை அடி?"

"தெரியாது, சுவாமி."

"தெரிந்துகொள்ளும். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு வாரும். அதுவரை உமக்குப் பாவமன்னிப்பு இல்லை."

வெளியே வந்தபோது பெண்கள் பக்கத்து வரிசையில் நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள்: "இம்புட்டு நேரமா? அவ்வளவு பாவமா செஞ்சு வச்சிருக்கீங்க?" நான் சிரித்துவைத்தேன். மன்னிப்பு இல்லாமல் நற்கருணை வாங்கக் கூடாது. தவக்காலம் முடிந்து வரும் பாஸ்குத் திருநாளில் அதை வாங்க எழுந்து போகாவிட்டால் கோயிலே திரும்பிப் பார்க்கும். அதற்குள் செத்துப்போனால் நேரே நரகம். அங்கே அடுப்புக்குக் குறைவில்லை.

திங்கட்கிழமை, நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கப்பல் கம்பெனியில் பல்வலி என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நில ஆபீசுக்குப் போனேன். அங்கே பெரிய கிராணி ஒரு தமிழ் முஸ்லிம். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும்.

"நானா, ஒரு கூட்டாளிக்காகக் கேக்குறேன்" என்று தொடங்கினேன்.

"எல்லாரும் கூட்டாளிக்காகத்தான் தம்பி வர்றாங்க. தனக்காக வந்தவன ஒருத்தனக்கூட நான் இங்க பாத்ததில்ல லா. நெலத்தோட லாட்டு நம்பர் என்ன?"

சொன்னேன்.

"கூட்டாளியோட நம்பரு மனப்பாடமா வச்சிருக்கியே, ரொம்ப நெருக்கமோ?" என்றபடி துணியில் ஒட்டிய ஒரு வரைபடத்தை விரித்தார். விரல் என் தோட்டத்தின் மேல் ஊர்ந்து பின்பக்கம் போய் நின்றது. "இது காலி நெலம் இல்ல தம்பி. பாரிட்டுக்குன்னு ஒதுக்கி வச்சது. சர்க்கார் நெலம்."

"சர்க்கார்னா?"

"ராசாவோடது. லண்டன்ல இருக்காரே, அவரோடது."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு சாண் திருடினால் சண்டையோடு போகும். நானோ வருடம் தவறாமல் இங்கிலாந்து ராஜாவிடம் திருடியிருக்கிறேன். வாயிலிருந்து அசட்டுத்தனமாக ஒரு கேள்வி வந்தது: "ராஜாவுக்குத் தெரியுமா நானா?"

"தெரியாது. நான் எழுதிப் போடட்டுமா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்பக்கம் இரண்டு மூலையிலும் எல்லைக்கல் புதைத்திருப்பதாகவும், அதன் தலையில் அம்புக்குறி வெட்டியிருக்கும் என்றும் சொன்னார். இடதுபக்க நீளத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். வலதுபக்கத்து எண் இருந்த இடத்தைச் செல்லரித்திருந்தது. "கல்லத் தேடச் சொல்லு உன் கூட்டாளிய. கையில பட்டா அசைக்கக் கூடாது, அசைச்சா ஜெயிலு" என்றார்.

மறுநாள் காலை, பல்வலியை இன்னும் ஒரு நாள் நீட்டிவிட்டு, மனைவி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, துணி காயப்போடும் கயிற்றில் அடிக்கோலை வைத்து முடிச்சுப் போட்டு, தெருவிலிருந்து இடதுபக்கமாக அளந்துகொண்டு பின்னால் போனேன். வேலிக்கு வெளியே இடுப்பளவு லாலாங். பாராங் கத்தியால் ஒரு வெட்டு, ஒரு செபம், இன்னொரு வெட்டு என்று முன்னேறினேன். ஏதோ சரசரவென்று ஓடியது. நான் கத்தியைப் போட்டுவிட்டு வேலியில் ஏறிக்கொண்டேன். அது உடும்பு. அந்த நிலையில்தான் மனைவி மீன் கூடையோடு வந்து நின்றாள்.

"வேலி மேல என்ன செய்றீங்க?"

வேறு வழியில்லை. வேலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ மீன் கூடையைக் கீழே வைத்தாள். அடுப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாம்பு பயம், ராஜா பயம் எல்லாம் போய், இவளை மறுபடி மழையில் சமைக்க விடப்போகிறேனே என்ற பயம் ஒன்றுதான் நின்றது.

"எறங்குங்க. கயித்தப் பிடிங்க" என்றாள்.

கயிறு முடிந்த இடத்தில் அவளே வெட்டினாள். நாலாவது வெட்டில் பாராங் கல்லில் பட்டுப் பொறி பறந்தது. மண்ணை விலக்கினோம். கருங்கல், தலையில் அம்புக்குறி. என் வேலிக்கு வெளியே மூன்று எட்டுத் தள்ளி!

நான் குதித்தே விட்டேன். "பாரு, எட்டு வருஷமா நான் என் நெலத்தத்தான் திருடியிருக்கேன்!"

"கத்தாதீங்க. அந்தப் பக்கக் கல்லையும் பாத்துட்டு ஆடுங்க."

வலதுபக்கம் போனோம். அங்கேயும் வேலிக்கு வெளியே மூன்று எட்டு அளந்து தோண்டினேன். இல்லை. நாலு எட்டு, இல்லை. இரண்டு, ஒன்று, இல்லை. வெயில் ஏறியது. வேலியோரம் வரை தோண்டிவிட்டேன். நிமிர்ந்தபோது அவளைக் காணோம். அடுப்படிக்குள் நின்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு போடறப்ப இந்த எடத்துல மம்பட்டி எறங்கலன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் வந்தது. அடியில் ஏதோ கல் கிடக்கிறது, அடுப்புக்கு நல்ல அஸ்திவாரம், கர்த்தரே கொடுத்தது என்று அன்றைக்கு மண்ணைக் குழைத்து அதன்மேலேயே அப்பியவன் நான்தான்.

விறகை இழுத்துப்போட்டு, சாம்பலை வாரி, அடுப்பின் அடியைச் சுரண்டினோம். கரி பிடித்த கல்லில் முதலில் அம்பின் முனை தெரிந்தது, பிறகு முழு அம்பும். கல் அசைந்திருக்கவில்லை. அதற்கு நான் அங்கேயே மண்டியிட்டு நன்றி சொன்னேன். எல்லை நேராக ஓடவில்லை, சாய்வாக ஓடியது. இடது மூலையில் ராஜா எனக்குத் தந்திருந்தார், வலது மூலையில் நான் அவரிடம் எடுத்திருந்தேன். அடுப்பில் பாதி எங்களுடையது. பின்சுவரும் அதையொட்டிய ஒரு முழமும் அவருடையது.

"அப்ப இத்தன நாளா நான் ராசா நெலத்துலயா சோறாக்கினேன்?"

"சோத்துப்பான நம்ம பக்கம். கொழம்புச் சட்டிதான் அவரு பக்கம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, யாரோ வந்து இடிப்பதற்குள் நாமே இடித்துவிடுவோம் என்று சொன்னவள் அவள்தான். பாஸ்குவுக்கு முந்தின வாரம்தான் லீவு கிடைத்து, பின்சுவர்ப் பலகையை ஆணி கழற்றி எடுத்தோம். தகரத்தை ஒரு முழம் உள்ளே இழுத்தோம். அடுப்பை அவள் கையாலேயே உடைத்து, கல்லுக்கு இப்பால் புதிதாகப் போட்டாள். மண் அப்பும்போது என்னைக் கிட்டவே விடவில்லை.

பாஸ்குவுக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, மறுபடி கிராதிக்கு முன்னால் மண்டியிட்டேன்.

"திரும்ப வைத்தீரா?" என்றார் சுவாமியார்.

"ஒரு முழம் வைத்துவிட்டேன், சுவாமி. இன்னொரு மூலையில் மூன்று எட்டு நிலம் என்னுடையதாம். வேலிக்கு வெளியே கிடக்கிறது."

"உம்முடையது என்றால் எடுத்துக்கொள்ளும்."

"எடுக்க மாட்டேன், சுவாமி."

"ஏன்?"

"வேலியைத் தொட்டாலே கை நடுங்குகிறது."

கிராதிக்குப் பின்னால் இருமுவதுபோல ஏதோ கேட்டது. பிறகு இலத்தீனில் மன்னிப்பு வந்தது. நான் அதை ஒவ்வொரு சொல்லாக எண்ணி வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். வானம் தண்ணீர்மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாரு."

"அப்ப வேகமா நடங்க. பின்சுவரு இன்னும் தெறந்துதான் கெடக்கு, மழ வர்றதுக்குள்ள பலகைய அடிச்சிரணும்."