நாலாம் பெட்டித் தவளையும் இருபது நிமிடமும்

தேவகி மேடம் போய்ட்டாங்க. நேற்று காலை, சென்னையில். அவர் மகள்தான் போன் பண்ணிச் சொன்னாள்.

பார்த்துவிட்டு இப்போது செஞ்சி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். ரோடு சரியில்லை... எழுத்துப் பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரியாது. விலங்குகள் தூங்குவதை ஆராய்ந்த விஞ்ஞானி. ஏரி வற்றினால் தவளை மண்ணுக்குள் போய் மாதக்கணக்கில் தூங்கும். அப்போது அது எப்படி மூச்சு விடுகிறது என்பதில் ஆரம்பித்து, பிறகு நத்தை, வௌவால் என்று வாழ்நாள் முழுக்க இதே வேலை.

ஆரம்பித்தது எங்கள் ஊர் செஞ்சியில். ஆறு தவளைகளோடு.

எண்பதுகளில் பிஎச்.டி.க்காக வந்து காதர் பாய் கடை மாடியில் ரூம் எடுத்தார். பனமலை ஏரி வற்றியபோது தோண்டி எடுத்த தவளைகள். ஆளுக்கொரு மண் பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி. ஊரில் அவர் பெயர் தவளைக்கார அம்மா.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்து டிவி ரிப்பேர் கடை. தவளையின் மூச்சைப் பதிவு பண்ண மெஷின் வேண்டும் என்று வந்தார்.

"தட்டிப் பாத்தா உயிரு இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். இதுக்கு எதுக்கு மேடம் மெஷினு?" என்றேன்.

"தட்டினா முழிச்சுக்கும் செல்வம். முழிச்சா அந்த வருஷ வேலை போச்சு."

துடைப்பக்குச்சி, டார்ச் பல்பு, போட்டோ செல். தவளையின் தொண்டைமேல் குச்சி. மூச்சு விட்டால் குச்சி வெளிச்சத்தை மறைக்கும், பேனா பேப்பரில் ஒரு கோடு போடும். நல்ல மெஷின். இப்பவும் சொல்வேன்.

மே மாதம். ராஜகிரிக் கோட்டைப் பாறைச் சூடு மாடி ரூம் வரைக்கும் அடித்தது. கைடைப் பார்க்க மேடம் ஒரு வாரம் சென்னை போனார். ரீடிங் எடுக்கும் வேலை எனக்கு. தினமும் ஒரு பெட்டிக்கு இருபது நிமிடம், கோடுகளை எண்ணி நோட்டில் எழுத வேண்டும்.

தூங்குகிற தவளையை உட்கார்ந்து பார்க்க இரண்டு மணி நேரமா... கடையில் எட்டு டிவி காத்திருந்தது. பெட்டிக்கு இரண்டு நிமிடம் பார்த்துப் பத்தால் பெருக்கி எழுதினேன்.

நாலாம் நாள், நாலாம் பெட்டி. முதல் மூன்று நாளும் எப்படியோ ஒரு கோடு விழுந்திருந்தது, அன்று ஒன்றுகூட இல்லை. பல்பு சரி, செல் சரி, பேனா சரி. அப்படியென்றால் தவளைதான் சரியில்லை. 'செத்துவிட்டது' என்று எழுதி, தோண்டி எடுத்துக் கொல்லையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் கோடை மழை.

மறுநாள் காலையில் பாய் என் கடைக்கே வந்தார். "இன்னா தம்பி, நீ சாவடிச்ச தவள என் தண்ணித் தொட்டியில குந்திக்கினு கத்துது. வந்து ஒரு டெத் சர்டிபிகேட் குடுத்துட்டுப் போ."

நான் ஓடிப் போவதற்குள் அது போய்விட்டது.

மேடம் திரும்பி வந்து காலிப் பெட்டியைப் பார்த்தார். மற்ற ஐந்தும் நடுவில் ஒரு தடவையாவது விழித்தவை. ஜனவரியிலிருந்து விழிக்காமல் இருந்தது அது ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"ரெண்டு நிமிஷம்."

"அது ஏழு, எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவதான் மூச்சு விடும்." அவ்வளவுதான் சொன்னார்.

தவளை போனது அவருக்குத் தெரியும். மற்ற ஐந்து பெட்டி ரீடிங்கும் பொய் என்று தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்படியே தீசிஸில் ஏறியிருக்கும். மாடிப்படி பாதி இறங்கிவிட்டேன்... திரும்ப ஏறிப் போய்ச் சொன்னேன்.

நோட்டை வாங்கி என் பக்கங்களில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். கிழிக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"அடுத்த கோடைதான்," என்றார்.

ஒரு வருஷம். என்னால்.

அடுத்த வருஷம் கடை வாசலில் வந்து நின்றார். "மெஷினை ரெடி பண்ணுங்க. ரீடிங்கும் நீங்கதான்."

"வேற ஆளு கெடைக்கலியா மேடம்?"

"கெடைப்பாங்க. பொய் எழுதினா படியேறி வந்து சொல்லணுமே."

"இந்தத் தபா தவளைக்கி நானே காவலு," என்றார் பாய்.

அந்தக் கோடை முழுக்கப் பெட்டிக்கு இருபது நிமிடம் உட்கார்ந்தேன். திட்டிக்கொண்டேதான். தீசிஸ் முடிந்தது.

நேற்று மேடத்தை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடி. பக்கத்தில் போய் நின்றேன்.

"அங்கிள், ரொம்ப நேரமா நிக்கறீங்க. வந்து உக்காருங்க," என்றாள் மகள்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்குதும்மா."

அவள் வாட்ச்சைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

முழுசா இருபது நிமிஷம் மேடம். பெருக்கி எழுதல.

போய்ட்டு வாங்க.