சாணை மிஷினுக்கு யார் பொறுப்பு?

“படிச்ச பொண்ணு, சரி. ஆனா நாங்க போட்டுக்கிற சண்டய நீ புரிஞ்சிக்கினு எய்திடுவியா பாப்பா?”

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைக்கு என்னை எழுத்தராக வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது ஃபிட்டர் அண்ணன் இப்படிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பொன்னேரிக்கு ரயிலில் போய்வந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். எங்கள் தெருவுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்கிறேன். ஒரு சண்டையில் எனக்குப் புரியாமல் போக என்ன இருக்கிறது? தீர்மான நோட்டை வாங்கி முதல் பக்கத்தில் தலைப்பு எழுதி, ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டேன்.

பட்டறை என்றால் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தபோது, வயல் வேலை செய்துகொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு அங்கே மூட்டை தூக்கும் வேலைதான் கிடைத்தது. மிஷின் பக்கத்தில் நிற்க வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் பட்டறை. வேலை தெரிந்த நாலைந்து பேர் லீவு நாளில் சும்மாவே வந்து கற்றுக்கொடுத்தார்கள். ஃபிட்டர் அண்ணன் தலைவர். பழைய இரும்புக் கடையில் கிடந்த சாணை மிஷினைக் கொண்டுவந்து ஓடவைத்தவர் அவர். உளி, கத்தி, அரிவாள் எல்லாம் அதில்தான் தீட்டுவார்கள். கொட்டகையைக் கூட்டுவதும், கேட்பவர்களுக்குத் திறந்துவிடுவதும், நோட்டு எழுதுவதும் என் வேலை.

இரண்டாம் வருடம் வயர்மேன் அண்ணன் வந்தார். சின்ன வயது, எல்லோரோடும் சிரித்துப் பேசுவார். பட்டறையைத் தினமும் சாயங்காலம் திறக்க வேண்டும், தெருவில் யார் வந்தாலும் மிஷினைத் தொட விட வேண்டும் என்பது அவர் கட்சி. கற்றுக்கொள்ளாதவன் தொடக் கூடாது என்பது ஃபிட்டர் அண்ணன் கட்சி. இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அங்கேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

தலைவரை மாற்றுவது பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் கையெழுத்து, பிறகுதான் பேச்சு. இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள் என்பதால், வந்ததும் பக்கத்தின் கீழ்ப்பாதியில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவேன். மேல்பாதியைக் காலியாக விட்டு, முடிவானதை அப்புறம் எழுதிக்கொள்வேன். அதுவரை அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரிந்ததில்லை.

அன்று வயர்மேன் அண்ணன் எழுந்து, “இது இன்னா உங்க ஊட்டுக் கொல்லையா? வருசத்துக்கு ஒரு கூட்டம் போட்டீங்களா?” என்றார்.

“சரிப்பா, நீயே பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு ஃபிட்டர் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சிலர் கை தட்டினார்கள். சிலர் அவரைச் சமாதானம் செய்யப் பின்னால் ஓடினார்கள். “அவரு மொறையா எய்திக் குடுக்கட்டும், அப்பால ஒத்துக்கிறேன்” என்றார் வயர்மேன் அண்ணன். அதற்குள் கம்பெனிச் சங்கு ஊதியது. பாதிப் பேர் சைக்கிளை எடுத்தார்கள். இதை என்னவென்று எழுதுவது? ராஜினாமாவா, கோபமா? பேனாவைத் திறந்தேன், மூடினேன். காலியாகவே விட்டுவிட்டேன்.

கோபித்துக்கொண்டு போன ஃபிட்டர் அண்ணனும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். அடுத்த சில வாரம் பட்டறைக்கு இரண்டு தலைவர்கள். இவர் ஒன்று சொன்னால் அவர் வேறொன்று சொல்வார். யார் வந்து கேட்டாலும் நான் திறந்துவிட்டேன். ஒருநாள் கூட்டும்போது சாணை மிஷினுக்கு அடியில் வளைந்த தகரம் ஒன்று கிடந்தது. காலில் குத்துமே என்று எடுத்துத் துடைத்துப் பலகைமேல் வைத்தேன். அதுதான் சக்கரத்தின் மூடி என்றும், பொறியும் துணுக்கும் முகத்தில் தெறிக்காமல் இருக்கத்தான் அது என்றும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. படித்தவள் போய் இதைக் கேட்பதா என்று நினைத்தேனோ என்னவோ.

மறுநாள் ஞாயிறு. இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா அறுவடைக்காக அரிவாள் தீட்ட வந்தார். வாரம் முழுக்க கம்பெனியில் தூள் சலிக்கிறவர், அன்றாடக் கூலி. உள்ளே நாலு பேர் இருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. ஒரு துணுக்கு அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. அவர் கணவர் பஸ் ஏற்றிப் பொன்னேரிக்கும், அங்கிருந்து பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார். அந்தக் கண்ணில் இனி நிழல்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா கண்ணில் கட்டோடு வேலைக்குப் போனபோது கேட்டிலேயே சூப்பர்வைசர் நிறுத்திவிட்டாராம். “புருஷன் அடிச்சானா? குடும்பச் சண்டைய இங்க கொண்ணாந்தா நாளைக்கி எங்கமேலதான் கேஸு வரும்” என்றாராம். பட்டறையில் அடிபட்டது என்றால் பட்டறைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுச் சனிக்கிழமைக்குள் கடிதம் தர வேண்டும். இல்லாவிட்டால் வேலைப் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள்.

அக்காவின் கணவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். “வேல போனாலும் போவட்டும்மா. நான் கைய வெச்சேன்னு ஊரே பேசுது. எங்கயாவது அட்ச்சிருக்கேனா நானு?” என்றார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடிதம் எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. கையெழுத்துக்குத்தான் அலைந்தேன்.

“நான் எங்க தலைவரு? அன்னிக்கே உட்டுட்டு வந்துட்டேனே” என்றார் ஃபிட்டர் அண்ணன். “மூடி இல்லாம கெடந்தத நான் பாத்தேன் பாப்பா. என்ன வாணாம்னு சொன்ன எடத்துல நான் எதுக்குக் கை வெக்கணும்னு வந்துட்டேன்.”

“பார்த்துட்டுமா வந்துட்டீங்க அண்ணே?”

அவர் குனிந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “நோட்டுல எடம் காலியாத்தான கீது? நான் வெலகிட்டேன்னு எய்திடு” என்றார்.

வயர்மேன் அண்ணன் புதுவாயல் டீக்கடையில் இருந்தார். “மூடியக் கயட்னது நான்தான். பெரிய கடப்பாரை ஒண்ணு தீட்டணும்னு கயட்னேன். தலைவரு அவரு, திருப்பி மாட்டுவாருன்னு பாத்தேன். அவரு கோச்சுக்கினு போனாரு, அவ்ளோதான், ராஜினாமாவா குட்த்தாரு? அவருதான் தலைவருன்னு எய்து. அடுத்த மாசம் என்ன பர்மனென்ட் ஆக்கறாங்கம்மா. இப்பப் போயி ஒரு ஆளு கண்ணு போனதுக்கு நான் பொறுப்புன்னு கையெய்த்துப் போட முடியுமா? நீயே சொல்லு.”

ஒரு மாதம் முன்பு அந்த நாற்காலிக்காக மோதிக்கொண்ட இருவரும் இப்போது அது தன்னுடையது இல்லை என்கிறார்கள். நான் எதை எழுதினாலும், கீழே அத்தனை பேர் கையெழுத்தும் தயாராக இருக்கிறது. இத்தனை வருடம் எழுதத் தெரிந்ததைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் பயமாக மாறியது.

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவரும் அன்று கூட்டத்தில் இருந்தவர்.

“அதுல என் கைநாட்டும் கீதா?”

“இருக்கு நைனா. அன்னிக்கு இன்னாதான் முடிவாச்சு? நீ எதுக்குக் கை தட்டுன?”

“எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன். அப்பால ஃபிட்டரு பாவம்னு அவரு பின்னால ஓடுனேன்.” தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். “நான் இன்னா சொன்னேன்னு நீதானம்மா எய்துவ? என்னக் கேக்குற?”

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, “இந்தப் பேஜாரு நமக்கு வாணாம், அந்த நோட்ட அவங்க மூஞ்சிலயே எறிஞ்சிட்டு வா” என்றாள்.

எறிந்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. எழுத்தர் என்றால் மற்றவர்கள் சொன்னதை எழுதுகிறவள். கையெழுத்துப் போட எனக்கு என்ன உரிமை? ஆனால் மூடியை மேலே தூக்கி வைத்தது யார்? திறந்துவிட்டது யார்? ஒருவர் கழற்றினார், ஒருவர் பார்த்துவிட்டுப் போனார், ஒருத்தி துடைத்து வைத்தாள். இதில் யார் பொறுப்பு என்று எத்தனை முறை யோசித்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடைதான் வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, இனி யாரும் எதுவும் எழுத முடியாதபடி நோட்டின் காலிப் பாதியில் மூலைக்கு மூலை கோடு போட்டேன். கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அக்காவுக்கு மூடி இல்லாத சக்கரத்தில் அடிபட்டது, மூடியைப் பலகைமேல் வைத்தவள் நான், கொட்டகையைத் திறந்துவிட்டவளும் நான். அக்காவின் கணவர் அப்போது அங்கே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே என்ன பதவி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் ‘பட்டறையைத் திறந்தவர்’ என்று எழுதினேன்.

சனிக்கிழமை காலை அக்காவோடு கம்பெனி கேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“தலைவரு நீயாம்மா?”

“தலைவர் யாருன்னு இன்னும் முடிவாகலீங்க. அதுல இருக்குறது நடந்தது.”

“முடிவாகாத எடத்துலதான் மிஷின் ஓட்டுனீங்களா?” என்றார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வந்து பார்க்கும்படி அக்காவிடம் சொன்னார். அது நல்ல வார்த்தையா, தட்டிக்கழிப்பதா என்று திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தோம்.

வீட்டுக்குப் போகவில்லை. வழியிலேயே ஃபிட்டர் அண்ணன் வீட்டிலும் வயர்மேன் அண்ணன் வீட்டிலும் நாளைக்குக் கூட்டம் என்று சொல்லிவிட்டேன். யார் கூட்டுவது என்று இருவருமே கேட்டார்கள். நான் என்றேன். முதலில் பேசப்போவது அக்கா. அதற்கு அவரிடமும் சம்மதம் வாங்கிவிட்டேன்.