எழுபதுகளின் மஞ்சள் மாத்திரை

மூன்று மாதத்தில் மூன்றாவது தடவையாகச் சிறுநீர்த் தொற்று. இன்று காலை பரிசோதனை அறிக்கையோடு டாக்டரம்மாவிடம் போனேன்.

"எந்த மாத்திரைக்கும் இந்தக் கிருமி அசைய மாட்டேங்குது டீச்சர். அட்மிட் பண்ணி ஊசி போடணுமோன்னு பயந்துக்கினு இருந்தேன். நல்லவேளை, இது ஒண்ணுக்குக் கேக்குது" என்று அறிக்கையிலிருந்த மருந்துப் பட்டியலின் கடைசிப் பெயரைக் காட்டினார்.

நைட்ரோபியூரண்டாயின்! எனக்குச் சிலிர்த்துவிட்டது. எழுபதுகளில் நான் விழுங்கிய அதே மஞ்சள் மாத்திரை.

அப்போது காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போவேன். அங்கே கழிப்பறை கிடையாது. ஆசிரியைகள் மாலை வரை தண்ணீரே குடிக்க மாட்டோம். எல்லோருக்கும் இந்தத் தொற்று வந்தது.

தேர்வறையில் பிட்டு கைமாறுவது போல, ஒரு கிருமி மருந்திடமிருந்து தப்பிக்கும் வித்தையை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுமாம். கண்ணுக்கே தெரியாத அந்தக் கெட்டிக்காரக் கூட்டம் புது மருந்துகளையெல்லாம் வென்றுவிட்டது. இந்தக் கிழட்டு மாத்திரை மட்டும் அதற்கு இன்னும் பிடிபடவில்லை!

"அஞ்சு நாளும் முழுசா சாப்பிடணும்மா. நடுவுல நிறுத்திடாதீங்க, மிச்சமிருக்கிற கிருமி மருந்தைப் பழகிக்கும்" என்றார் டாக்டரம்மா.

அந்தக் காலத்தில் இரண்டே நாளில் எரிச்சல் நின்றதும், மீதியைப் பக்கத்து வகுப்பு சரோஜா டீச்சருக்குத் தானம் செய்ததைச் சொன்னேன்.

"அப்போ கிருமிக்கு டியூஷன் எடுத்ததே நீங்கதானா?" என்றார்.

மீதி மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுத்த புண்ணியவான்கள் கை தூக்குங்கள். நான் தூக்கிவிட்டேன்.