அத்தானின் காரைத் தேய்த்த கதை

அன்று எங்கள் வாசலில் இருந்தது மூன்றே பேர்: நான், என் மனைவி, எதிர்வீட்டு அண்ணன். அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பிற்பாடு தெருவில் பாதிப் பேர் ‘நானும் பார்த்தேன்’ என்று சொல்லித் திரிந்ததால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கார் என்னுடையதில்லை. அக்கா வீட்டுக்காரருடையது. அத்தானுக்குச் சிங்கப்பூரில் வேலை. “வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைடா மாப்ள. கீறல் விழாமப் பாத்துக்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. பூனை காரின் மேல் ஏறினால் அது இறங்கும்வரை கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். விரட்டினால் நகம் பதியுமே!

ஆயுத பூசைக்கு வழக்கப்படி பானட்டில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். சாமி காரியத்தை எப்படித் துடைப்பது என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன். கொட்டகைக்குள் இரண்டு மாதம் காய்ந்து கிடந்தது. நாளைக் காலை அத்தான் திருச்சிக்கு விமானத்தில் வருகிறார் என்று தெரிந்ததும் துடைத்தால், சந்தனம் போய்விட்டது. வெள்ளைப் பெயிண்டில் ரோஸ் கலரில் ஒரு வட்டம் போகவில்லை. சோப்பு, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், எதற்கும் அசையவில்லை.

காரைக்குடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கறையைத் தேய்த்தெடுக்கும் பசை, ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்டு கொடுத்தார். “ஈரத் துணியில தொட்டு லேசாத் தேய்ங்க. அழுத்துனீகன்னா பெயிண்டே வந்துரும்.” டப்பாவில் பூராவும் இங்கிலீஷ், நான் எட்டாவதோடு நின்றவன். அதனால் லேசா என்றால் எவ்வளவு லேசு என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர் என் கையைப் பிடித்து மேசையில் தேய்த்தே காட்டினார்.

லேசாகத்தான் தேய்த்தேன். கறை மங்கியது. ஆனால் அந்த இடம் மட்டும் பளபளத்ததில் சுற்றியிருந்த பானட் அழுக்காகத் தெரிந்தது. பானட்டைத் தேய்த்தேன். இப்போது கதவு கிழடாகத் தெரிந்தது. கதவையும் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால், பழைய இடத்தில் இன்னும் ரோஸ் இருக்கிற மாதிரி ஒரு சந்தேகம்.

“இந்தா பாருங்க, துணியில வெள்ளையா வருது” என்றாள் மனைவி.

“அது செத்த பெயிண்ட், தம்பி. நான் முப்பது வருசம் பஸ் ஓட்டுனவன் சொல்றேன், அமுக்கித் தேயி” என்றார் அண்ணன்.

“அண்ணே, நீங்க என்னைக்கு பஸ்ஸைத் தேச்சீக? மழைதானே கழுவுச்சு” என்றாள் அவள்.

நான் அண்ணன் பேச்சைக் கேட்டேன். சற்று நேரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பிரைமர். “அடுப்புல பால் இருக்கு” என்று போன அண்ணன் அப்புறம் வெளியே வரவேயில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து அதன்மேல் அப்பினாள். “வேற வழி? மறுபடி சாமியத்தான் கூப்பிடணும்.”

மறுநாள் விமான நிலையத்தில் அத்தான் அசந்துபோனார். “என்னடா மாப்ள, புதுசாட்டம் மின்னுது!” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே அவர் பானட்டைத் தொட்டுக் கும்பிட்டு, சந்தனத்தை விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார். பக்தியான மனிதர். கொஞ்சமாக எடுக்கவில்லை.

எங்கள் ஊர் பள்ளத்தூர் வரும்வரை அவர் கண்ணாடி வழியே அந்தச் சாம்பல் திட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். யாரும் கேட்காமலே நான்தான் ஆயுத பூசையிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டு வந்தேன். வாசலில் இறங்கியபிறகுதான் அவர் சொன்னார்.

“இதை விக்கத்தான் மாப்ள வந்தேன். எண்பதாயிரத்துக்கு ஆள் பேசியிருந்தேன். இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனுக்குக் காட்டுறது? நீயே எடுத்துக்க. சொந்தத்துக்குள்ள, அறுபது குடு.”

“எனக்குக் கார் வேணாம் அத்தான். பயமா இருக்கு.”

“தேச்சேல்ல?”

அறுபதில் இதுவரை முப்பத்தேழாயிரம் கொடுத்திருக்கிறேன். இன்னும் இருபத்து மூவாயிரம் பாக்கி.