ராக்கையாவின் எட்டு நிமிடம்

சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவுகிற ராக்கையா சட்டமன்றத்துக்குப் போவார் என்று யாரும் நினைக்கவில்லை. அவரே நினைக்கவில்லை. தொண்ணூற்றாறு தேர்தலில் கட்சிக்குள் இரண்டு பெரிய மனிதர்கள் சீட்டுக்கு மல்லுக்கட்டினார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் காலை வாரிவிடுவார் என்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். எனவே யாருக்கும் ஆகாதவர் என்று பேர் வாங்காத ஒரு ஆளைத் தேடினார்கள். ராக்கையாவுக்குப் பகையாளி கிடையாது. மைக் இல்லாமலே கடைவீதி முழுக்கக் கேட்கும் குரல் இருந்தது. நிறுத்தினார்கள், ஜெயித்தும் விட்டார்.

மண்டியில் ஏலம் விடுவதற்கு ஒரு முறை உண்டு. தாரைத் தூக்கி நிறுத்தி, இது எந்தத் தோட்டத்துத் தார், சீப்பு எப்படி விரிந்திருக்கிறது, காய் எப்படித் திரண்டிருக்கிறது என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுத்தான் விலைக்கு வர வேண்டும். எடுத்த எடுப்பில் விலையைச் சொன்னால், சரக்கில் ஏதோ கோளாறு என்று வியாபாரி நகர்ந்துவிடுவான். காலமெல்லாம் இப்படிக் கூவிப் பழகிய வாய் அது. அதே வாயோடுதான் அவர் சென்னைக்கு ரயில் ஏறினார்.

ஜெயித்த மறுநாளே வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மகனுக்கு வேலை, மருமகனுக்கு டிரான்ஸ்பர், நிலத்துக்குப் பட்டா என்று ஆளுக்கொரு கோரிக்கை. கூட்டம் வடியும் வரை ஓரமாக நின்றுவிட்டுக் கடைசியாக வந்தவள் அய்யம்மாள். ராக்கையாவின் சித்தப்பா மகள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. அவளும் மகள் பூமாரியும் கம்பம்மெட்டு தாண்டிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர்கள். விடியுமுன் ஜீப் வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும்.

“அண்ணே, எனக்கு வீடு வேணாம், நெலம் வேணாம். வெள்ளன கம்பம்மெட்டுக்கு ஒரு பஸ் விடச் சொல்லு. ஜீப்புல எங்களப் புளிமூட்டை மாதிரி அடைக்கிறாக. வளைவுல திரும்புறப்ப உசுரு கையில இல்ல.”

“இதென்ன பெரிய விசயமா ஆத்தா? சட்டசபையிலயே கேட்டுருவோம்” என்றார் ராக்கையா.

சொன்னதைச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தார். அதில் கள்ளம் இல்லை. ஆனால் புது உறுப்பினருக்கு அங்கே வாய் திறக்க நேரம் கிடைப்பது லேசில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து ஒரு துணைக் கேள்வி கேட்பார், மந்திரி பதில் சொல்வார், உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தொண்ணூற்றெட்டில் போக்குவரத்து மானியக் கோரிக்கை விவாதத்தில் எட்டு நிமிடம் பேசக் கட்சி அவருக்கு இடம் கொடுத்தது.

உரையைத் தயார் செய்ய உதவியவர் உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருந்த கலீல் ரஹ்மான். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகம், ஒருவரை ஒருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பஸ் கோரிக்கையை முதலில் வைத்து எழுதியிருந்தார் கலீல். ராக்கையா அதைக் கடைசிக்குத் தள்ளினார்.

“மாப்ளே, பஸ்ஸ மொதல்ல சொல்லிரு. தலைவரப் பெறகு பாடிக்கலாம்.”

“சாமி கும்பிடாமப் பந்தியில உக்காரச் சொல்றியே மாப்ளே. அங்கன எல்லாரும் அப்படித்தான் பேசுறாக. மொதல்ல தலைவரு, பெறகு மந்திரிமாருக, பெறகுதான் ஊரு.”

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. அங்கே அதுதான் வழக்கமாக இருந்தது. பேரவையில் தன் முறை வந்ததும் எழுந்து நின்றார். தலைவரின் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் நாலு பேர் மேசையைத் தட்டினார்கள். சுருளி அருவித் தண்ணீரையும் வீரபாண்டி கௌமாரியம்மனையும் இழுத்துத் தலைவருக்கு மாலை கோத்தார் ராக்கையா. மேசைகள் அதிர்ந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு மூத்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மண்டியில் ஏலம் சூடு பிடிக்கிறபோது வரும் அதே போதை தலைக்கேறியது மனுஷனுக்கு. எழுதிக் கொண்டுபோனதற்கு மேலேயும் புகழ்ந்தார்.

மணி அடித்தது. அதை அவர் காதில் வாங்கவில்லை. இரண்டாவது முறை அடித்தபோது மந்திரிமார்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். “மாண்புமிகு உறுப்பினர் அமரவும்” என்று சொல்லிப் பேரவைத் தலைவர் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். பஸ் இருந்த தாள் கையில் மடங்கியபடியே இருந்தது. எழுதியாவது கொடுத்திருக்கலாம். மந்திரி அறை வாசலில் ஒரே கூட்டமாக இருந்தது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார். அந்த நாளை வரவேயில்லை.

ஊருக்கு வந்தபோது வெடி போட்டார்கள். கட்சிப் பத்திரிகை அவர் படத்தோடு புகழ்ச்சியை மட்டும் போட்டிருந்தது. வீடு கொள்ளாத கூட்டம், கழுத்து கொள்ளாத மாலை. அதற்குள் புகுந்து வந்து அய்யம்மாள் கேட்டாள்.

“அண்ணே, பஸ்ஸு பேசினியா?”

இத்தனை பேர் மத்தியில் என்ன சொல்வார்? அவரைச் சுற்றிலும் சிரித்த முகங்கள். “பேசாம இருப்பனா? மந்திரி தலையாட்டிக் கேட்டாரு. சீக்கிரம் வந்துரும்” என்றார். அடுத்த கூட்டத்தொடரில் பேசிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

“அப்பச் சரிண்ணே. பஸ்ஸு வருதுன்னா இனி யோசிக்க வேண்டியதில்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். எதை யோசித்துக்கொண்டிருந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம், பனி மூடிய ஒரு காலையில், கம்பம்மெட்டு வளைவில் ஜீப் உருண்டது. பலருக்குக் கை கால் போனது. அன்றைக்கு அம்மா இல்லாமல் வேலைக்குப் போயிருந்த பூமாரி பிழைக்கவில்லை.

கம்பம் ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடியவர் ராக்கையா. டாக்டரிடம் கெஞ்சினார், போலீசிடம் பேசினார், பிணத்தை வாங்கித் தோளில் சுமந்தார். எல்லாம் செய்தார். அய்யம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ அம்புட்டுப் பேரு முன்னால பேசியும் பஸ் விடலையேண்ணே இந்தப் பாவிக.” அவர் மேல் அவளுக்குத் துளிக் கோபம் இல்லை. அரசாங்கம் தன் அண்ணனை ஏமாற்றிவிட்டது என்று அவருக்காகவும் சேர்த்து அழுதாள். அந்தக் கையை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் தைரியம் இல்லாமல் நின்றார் ராக்கையா. அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காரியம் முடிந்ததும் அய்யம்மாள் சும்மா இருக்கவில்லை. உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய், சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு ஒரு மனு எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தாள். எங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையிலேயே பேசிய பஸ் ஏன் வரவில்லை, வந்திருந்தால் என் மகள் இருந்திருப்பாளே என்பதுதான் மனு. அந்தக் குழுவில் ராக்கையாவும் ஓர் உறுப்பினர். குழு தேனிக்கு வந்து கலெக்டர் ஆபீசில் விசாரிப்பதாகத் தேதியும் குறித்துவிட்டது.

கலீலுக்கு மட்டும் உண்மை தெரியும். முந்தின நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “மாப்ளே, நாளைக்கு நீ போகாத. காய்ச்சல்னு படுத்துக்க. ஆபீசருக பாத்துக்குவாக.”

போகாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் ராக்கையாவுக்கும் ஆசை. ஆனால் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அய்யம்மாளைத் தனியாக அங்கே நிற்கவிட மனசு கேட்கவில்லை.

விசாரணையில் மனுவை வாசித்தார்கள். போக்குவரத்துக் கழக அதிகாரி எழுந்து பணிவாகச் சொன்னார். “ஐயா, பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டோம். இந்தத் தடத்தில் பஸ் வேண்டும் என்று யாரும் பேசவில்லை. அரசு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. மனுதாரர் சொல்வது தவறான தகவல்.”

அய்யம்மாள் முகம் சிவந்துவிட்டது. “நான் பொய் சொல்லலய்யா. எங்கண்ணன் பேசுச்சு. அதுவே எங்கிட்டச் சொல்லுச்சு. அந்தா உக்காந்திருக்கு, கேட்டுப் பாருங்க.”

அறையில் இருந்த அத்தனை தலையும் ராக்கையா பக்கம் திரும்பியது. குழுத் தலைவர் பழுத்த அரசியல்வாதி. சக உறுப்பினர் சிக்கிக்கொண்டதைப் பார்த்த உடனே புரிந்துகொண்டு ஒரு கதவைத் திறந்துவிட்டார். “உறுப்பினர் எழுத்து மூலமாகக் கொடுத்திருப்பார். அது இடையில் எங்காவது தவறியிருக்கும். அப்படித்தானே?”

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அதிகாரிக்கு ஒரு திட்டு விழும், அதோடு முடிந்துவிடும். அய்யம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் அப்படியே இருந்தது.

“இல்லைங்கய்யா” என்றார் ராக்கையா. கடைவீதி முழுக்கக் கேட்கும் குரல் அன்றைக்குப் பக்கத்து நாற்காலிக்கே சரியாகக் கேட்கவில்லை. “எழுதியும் குடுக்கல, பேசவும் இல்ல. எனக்குக் குடுத்த நேரத்தைத் தலைவரைப் புகழ்ந்தே தீத்துட்டேன். ஊருக்கு வந்து தங்கச்சிகிட்டப் பேசினேன்னு பொய் சொன்னேன். தப்பு ஆபீசருக மேல இல்ல. அந்தப் பஸ்ஸ இப்பவாவது விடச் சொல்லிக் குழு எழுதணும்.”

குழுத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பஸ் விடப் பரிந்துரைக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மனுவை எடுத்தார்.

வெளியே ஜெராக்ஸ் கடை ஓரத்தில் நின்றிருந்தாள் அய்யம்மாள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்துக்கொண்டுதான் ராக்கையா பக்கத்தில் போனார். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

“பேசலன்னு நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஓடைப்பட்டியில எங்க நாத்தனா திராச்சத் தோட்டத்துக்குப் பூமாரிய வேலைக்குக் கூப்புட்டுச்சு. பஸ்ஸு வருதுன்னு நீ சொன்ன பெறகுதான், இங்கனயே இருக்கட்டும்னு நிப்பாட்டிக்கிட்டேன்.”

அவ்வளவுதான். டவுன் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். ராக்கையா அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எம்.எல்.ஏ. என்பதையும் மறந்து தெருவில் அழுதார்.

அடுத்த கூட்டத்தொடரில் நேரம் கேட்டு வாங்கி ஒரு முறை பேசினார். எழுந்ததும் தலைவர் பெயரைச் சொல்லவில்லை. கம்பம்மெட்டு வளைவையும், அங்கே ஜீப்பில் போகிற பெண்களையும், செத்துப்போன பூமாரியையும் சொன்னார். பஸ் கேட்டார், உட்கார்ந்தார். எட்டு நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை. ஒரு மேசையும் தட்டப்படவில்லை. முன்வரிசை மூத்தவர் திரும்பிப் பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. அடுத்த தேர்தலில் ராக்கையாவுக்குச் சீட்டு கிடையாது என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பஸ் வந்தது. கொடியசைக்கக் கூப்பிட்டதற்கு அவர் போகவில்லை. பதவி போனதும் மண்டிக்குத் திரும்பினார். மறுபடி ஏலம் கூவினார். ஆனால் தாரைப் புகழ வாய் வரவில்லை, நேராக விலையைச் சொன்னார். வியாபாரிகள் நகர்ந்துபோக, முதலாளி அவரைக் கணக்குப் பார்க்க உட்காரவைத்துவிட்டார்.

வருஷங்கள் கழித்து, இரண்டாயிரத்து ஏழு வாக்கில், கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அதே பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் உள்ளூர்ப் பையன், ஆளைத் தெரிந்துகொண்டான். டிக்கெட்டைக் கிழித்தபடியே பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

“அண்ணனுக்கு எடம் விடுங்கப்பா. இவுக சட்டசபையில பேசித்தான் இந்தப் பஸ்ஸே வந்துச்சு.”

நாலைந்து பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஜன்னலோரம் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அய்யம்மாள் எழவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைத் திரும்பியும் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

“ஆமா, பேசினாக. எம் மக போன பெறகு பேசினாக.”

ராக்கையா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுகள் எல்லாம் முடியும் வரை நின்றுகொண்டே போனார்.